நூற்றுவர் தலைவனின் சட்டை

"எங்க ஊட்டுக்காரரை நாடக அறையில வெச்சுப் பூட்டிட்டாங்க சார். அஞ்சு மணிக்குள்ள கவசம் கிடைக்கலைன்னா போலீஸாம்!" ஹில்டாவுக்கு மூச்சு வாங்கியது. கேஸ் என்று வந்தால் கணவன் பாஸ்கலின் ஃபேக்டரி வேலை போகும். வேலை போனால் ஆவடி குவார்ட்டர்ஸும் போகும்.

ஓய்வுபெற்ற பாதுகாப்பு அதிகாரி பரந்தாமன் காபியை நிதானமாகக் குடித்து முடித்தார். அவருடைய சிஷ்யப்பிள்ளை சுலைமான் அதற்குள் ஸ்கூட்டரை உதைத்துவிட்டிருந்தான்.

ஏசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகத்தின் ஒத்திகைக்கு வந்த ஒருவரையும் காலையிலிருந்து மாதா கோயில் கேட்டைத் தாண்ட விடவில்லை கோயில் செயலாளர். "அறைக்கு ஒரே சாவி, அது பாஸ்கல்கிட்டதான் இருந்துச்சு. ஜன்னல் கம்பியில நாலு விரல்தான் இடைவெளி. அதுல இரும்புக் கவசம் எப்படி சார் போகும்?" போன மாதம் மாற்றலாகி வந்தவர் அவர். 'இரும்புக் கவசம், பன்னிரண்டு கிலோ' என்று பதிவேட்டில் படித்ததோடு சரி. நேற்றுத்தான் சாவியை வாங்கிய பாஸ்கலும் கவசம் இருந்த சாக்கை அவிழ்த்துப் பார்க்கவில்லை.

"தகடு சார், பலகை மாதிரி விறைப்பா கீது. அஞ்சு வருஷம் போட்டவன் சொல்றேன்," என்றான் பால்ராஜ். இந்த ஆண்டு அந்த ரோமானிய நூற்றுவர் தலைவன் வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வெயிலில் கழுத்துவரை பொத்தான் போட்ட தொளதொள ஜிப்பாவில் அவன் வியர்த்துக் கொட்டினான். தோளிலிருந்து துண்டு நழுவியது. "எடு நைனா," என்றான் சுலைமானிடம்.

ஜன்னலுக்குள் பாஸ்கல் கம்பியைப் பிடித்து நின்றான். "நான் எடுக்கலே ஹில்டா." அவள் அவன் விரல்களைத் தொட்டாள். கம்பியிலிருந்த எண்ணெய் அவள் கையில் ஒட்டியது. உள்ளே, கை எட்டும் கொக்கியில் வாய் அவிழ்ந்த வெறும் சாக்கு தொங்கியது. ஜன்னல் விளிம்பிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு பரந்தாமன் திரும்பினார்.

பால்ராஜின் காலடியில் அதைப் போட்டார். சுண்டுவிரலுக்கும் சேராத இரும்பு வளையம். "கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

பால்ராஜ் அசையவில்லை. "முதுகு வலி சார்."

"வலிக்காதா பின்னே? பன்னிரண்டு கிலோவைக் காலையிலேருந்து சுமக்கிறீங்களே!"

பரந்தாமன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"அது தகடு இல்லை. இந்த மாதிரி ஆயிரக்கணக்கான வளையத்தை ஒண்ணோடொண்ணு கோத்த சட்டை. துணி மாதிரி மடங்கும். சாக்கை அவிழ்த்துக் கம்பி வழியா உருவிடலாம், துருப்பிடிக்காம இருக்க அதுல தடவின எண்ணெய்தான் கம்பியில ஒட்டும். போடாதவங்க விறைப்புன்னு நினைக்கலாம். அஞ்சு வருஷம் போட்டவர் ஏன் பொய் சொல்லணும்? வெளியே போறதுக்குள்ள கேட்டைப் பூட்டிட்டாங்க. ஒளிக்க இவருக்கு உடம்பைத் தவிர வேற இடமில்லை. வளையச் சட்டையைக் குனிஞ்சு உதறித்தான் கழட்டுவாங்க. குனிஞ்சா அதுவே கழுத்துக்குச் சரிஞ்சிடும். அதான் விழுந்த துண்டைக்கூட இவர் எடுக்கலை."

"இன்னொருத்தன் ஒடம்புல அத்தப் பாக்க முடியல சார்," என்று பால்ராஜ் உடைந்து அழுதான். ஜிப்பாவைக் கழற்றிவிட்டுக் குனிந்தான். சட்டை சரிந்து தலையிலும் முழங்கைகளிலும் சிக்கிக்கொண்டது. உள்ளே அவன் மூச்சுக்குத் திணறினான். ஒருவரும் கிட்டே போகவில்லை.

செயலாளர் அறைக் கதவைத் திறந்துவிட, பாஸ்கல் நேராக அவனிடம் வந்தான். அடித்துவிடுவானோ என்று ஹில்டா பதறினாள்.

பாஸ்கல் சட்டையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தான்.

"இன்னும் நல்லா குனி மச்சான்," என்றான். "நான் இழுக்கிறேன்."