நடு ஆள்

கயிற்றின் நடுவில் ஒரு முடிச்சு இருந்தது.

நாற்பது மீட்டர் கயிறு. புதிது, முனையில் கடையின் அட்டைகூட இன்னும் கழற்றப்படவில்லை. ரோயீ அதைக் கூடத்துத் தரையில் பிரித்துப் போட்டு, ஏதேனும் பழுது இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு வந்தபோது, சரிபாதியில் அந்த வளையம் விரலில் இடறியது. பனியாற்றில் மூன்று பேர் ஒரே கயிற்றில் போனால், நடுவில் நடப்பவரை மாட்டுவதற்குப் போடும் வளையம். நாளைக்குப் போவது இரண்டே பேர். அவளும் சியாங்கும்.

நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. சும்மா போட்ட முடிச்சு இப்படி இறுகாது. ஓர் ஆளின் எடை அதில் விழுந்து, நெடுநேரம் தொங்கியிருந்தால்தான் இப்படிக் கல்லாகும். கடைசியில் உணவுக்குச்சியின் முனையை உள்ளே செலுத்தித்தான் அவிழ்க்க முடிந்தது. அவிழ்ந்த இடத்தில் கயிறு சில்லென்றிருந்தது.

"நடு முடிச்சு நீ போட்டதா?"

சியாங் சமையலறையில் மாட்டிறைச்சி வற்றலை நாள்வாரியாகப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க மிளகாய் நெடி. நேற்று மாலை கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான்.

"பழக்கதோஷத்துல போட்டிருப்பேன். அவுத்துடு. முடிச்சப் பார்த்தே இப்படி முழிக்கிறியே, மலையப் பார்த்தா என்னடி பண்ணுவ?"

"வழிகாட்டி ஒருத்தரக் கூட்டிக்கலாம்னு அப்பவே சொன்னேன்."

"ஆள் வெச்சுத் தூக்கிட்டுப் போறதுக்குப் பேரு மலையேற்றமா? அதுக்குக் கேபிள் கார்ல போய்ப் படம் எடுத்துட்டு வா."

ரோயீ சிரித்தாள். போன வருடம் இதே மலையில் சியாங் இரண்டு சகோதரர்களுடன் ஏறினாள். முன்னால் அண்ணன், நடுவில் தம்பி வெய், கடைசியில் சியாங். அண்ணன் பனிப்பிளவில் விழுந்தான். வெய்யையும் இழுத்துக்கொண்டு போனான். பனிவிளிம்பில் உரசிக் கயிறு அறுந்துவிட்டது என்றாள் சியாங். இரண்டு உடல்களும் கிடைக்கவில்லை. செங்து நகரில் மலையேறுகிற எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். ரோயீயும் அழுதாள். அழுதுகொண்டே ஒன்றை யோசித்ததும், தோழியைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று கூசி அதை உள்ளே தள்ளியதும் நினைவிருக்கிறது.

"சியாங், அறுந்த கயித்துல மிச்சம் உன் இடுப்புலதான இருந்திருக்கும். அதை என்ன பண்ணின?"

பொட்டலம் கட்டும் சத்தம் நின்றது.

"தூக்கிப் போட்டுட்டேன்."

"எங்க?"

"நாளைக்கு என்னோட வரியா, இல்ல போலீஸ் வேலைக்குப் போறியா?" சியாங் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. "இடுப்புப் பட்டையக் கட்டு. மாடிப்படில ஒரு தடவ பழகிடலாம். நான் விழுந்தா நீ பிடிப்பியான்னு எனக்கும் தெரியணும்ல."

நீ என்னைப் பிடிப்பாயா என்பதுதான் ரோயீக்குத் தெரியவேண்டியிருந்தது. பட்டையை எடுத்துக் கட்டினாள்.

லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். ஜன்னலும் இல்லாததால் பகலிலும் படிக்கட்டு இருட்டு. ஒவ்வொரு தளத்திலும் சத்தம் கேட்டால் எரிந்து, சற்று நேரத்தில் தானே அணையும் விளக்கு. ஆறாம் தளத்தில் ரோயீ தரையில் உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பியில் பாதங்களை ஊன்றிக்கொண்டாள். ஒரு முனை அவள் இடுப்பில். மறு முனையைத் தன் கொக்கியில் மாட்டிக்கொண்டு சியாங் இறங்கினாள். காலடிக்குக் காலடி ஐந்தாம் தள விளக்கு எரிந்தது, நான்காம் தளம், மூன்றாம் தளம். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக அணைந்தது. ஈரச் சுவரின் வாடை. யார் வீட்டிலோ பூண்டு வதங்கும் வாடை. அதற்கு அடியில், மெல்ல, பனியின் வாடை.

பனிக்கு வாடை உண்டு. ஏறியவர்களுக்குத் தெரியும்.

கயிறு விறைத்தது. இடுப்புப் பட்டை வயிற்றில் பதிய, ரோயீ ஒரு சாண் முன்னால் இழுபட்டாள். சியாங்கின் எடை ஐம்பத்தொரு கிலோ. இது அதற்கு மேல். எவ்வளவோ மேல்.

"மெதுவா உக்காருடி," என்று கத்தினாள்.

மூன்றாம் தளத்தில் வெளிச்சம் வந்தது.

"நான் இன்னும் உக்காரவே இல்ல. நீ ஏன் இழுக்கிற?"

"நான் இழுக்கல."

நான்காம் தள விளக்கு எரிந்தது. அங்கே யாரும் பேசவில்லை. கான்கிரீட்டில் இரும்பு கீறும் சத்தம். பனியில் நடக்கப் பூட்ஸில் மாட்டும் முள்தகடுகளின் சத்தம். ஒரு படி. நின்றது. இன்னொரு படி.

"வெய்?" என்றது சியாங்கின் குரல். மிகச் சின்னக் குரல்.

கீழே ஒரு கொக்கி திருகப்படும் ஓசை கேட்டது. டிக்கென்று திறக்கும் ஓசை. ஆயிரம் தடவை கேட்ட ஓசை.

"சியாங், கழட்டாத."

ஓட்டம். இரண்டாம் தளம் எரிந்தது. முதல் தளம். வாசல் இரும்புக்கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

அப்படியானால் அன்றும் கயிறு அறுபடவில்லை; எடை தன்மேல் வருமுன் இப்படித்தான் கழற்றியிருக்கிறாள்.

மறுமுனையில் ஆளில்லை. கயிறு தளரவில்லை. ரோயீ தன் கொக்கியைத் திருகினாள். எடை தொங்கும்போது கொக்கி திறக்காது. தெரிந்தும் திருகினாள். விரல் வழுக்கியது.

எல்லா விளக்கும் அணைந்தன.

பிறகு கயிறு தளர்ந்தது.

தளர்ந்தால் இழு. தொய்வு விடாதே. கையோடு கையாக இழுத்துக்கொண்டே இரு. ஐந்து வருடமாகக் கைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றைத்தான். அவள் நினைக்குமுன்பே கைகள் இழுக்கத் தொடங்கியிருந்தன. அரை மீட்டர். கயிறு ஈரமாக வந்தது. இன்னும் அரை மீட்டர். உறைந்து, மொரமொரத்து வந்தது.

ஒரு படி. கைகள் இழுத்தன. ஒரு படி.

நிறுத்து என்றாள். தன் கைகளிடம்.

ஐந்தாம் தளம் எரிந்தது. திருப்பத்துக் கம்பியின்மேல் ஒரு கையுறை வந்து படிந்தது. உள்ளே விரல்கள் மடங்கவில்லை. பனி உதிர்ந்தது. அவள் இழுத்தாள்.