கடித்தது எந்த நாய்?

மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்த காலை அது. ஊசி அறையின் வாசலில் சொட்டச் சொட்ட நனைந்து நின்றான் ஒருவன். இடது கட்டைவிரலில் ஒரு கைக்குட்டை. கண்கள்... அட, அந்தக் கண்களைப் பற்றி அப்புறம் பேசலாம். அவள் அப்போது அவற்றைப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்ததெல்லாம் அவன் செருப்பிலிருந்து தரையில் பரவிய சேற்றைத்தான்.

"செருப்பை வெளியே விடுங்க. இப்பத்தான் துடைச்சிருக்கு!"

"வெளியே விட்டா அவன் எடுத்துக்குவான்."

"யாரு?"

அவன் ஜன்னலைக் காட்டினான். வராந்தாத் தூணில் கட்டியிருந்தது ஒரு நாய். நாயா அது... கன்றுக்குட்டி! கன்னங்கரேலென்ற உடம்பு. கண்களுக்கு மேல் பழுப்பில் இரண்டு பொட்டு. அது அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலிலிருந்து இரண்டடி பின்வாங்கினாள்.

நான்கு வருடமாக அந்த ஊசி அறை அவள் ராஜ்ஜியம். நாய் கடித்து வருகிற அத்தனை பேருக்கும் ஊசி போடுவது அவள் கைதான். ஆனால் இன்றுவரை ஒரு நாயைக்கூடத் தொட்டதில்லை. மாடியில் அத்தை வளர்க்கும் பொமரேனியன் இருக்கிறதே என்பீர்கள். அதன் பெயர் மேடம். அது நாயே இல்லை என்பது அவள் குடும்பத்தின் ஏகமனதான முடிவு.

"குழாயில விரலை நீட்டுங்க. சோப்பு போட்டுப் பதினஞ்சு நிமிஷம் கழுவணும்."

"பதினஞ்சா? விரலே கரைஞ்சிடும்போல."

"கரையட்டும். கிருமி போனாப் போதும்."

சுவர்க் கடிகாரத்தில் ஒரு கண்ணும் பதிவேட்டில் ஒரு கண்ணுமாக அவள் கேட்டுக்கொண்டே எழுதினாள்.

"தொழில்?"

"நாய்ங்களுக்குப் பயிற்சி குடுக்கிறேன்... நாய் வாத்தியார்னு சொல்லுவாங்க."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வாத்தியாரையே கடிச்சிட்டானா மாணவன்?"

அவன் காதுமடல் சிவந்தது.

"சரி, எட்டாவது கட்டம். கடித்த நாயின் இனம்?"

"அது... அவசியமா?"

"இந்த ரிஜிஸ்டர்ல ஒரு கட்டத்தைக்கூடக் காலியா விட்டு எனக்குப் பழக்கமில்ல."

"அதைச் சொல்லி எனக்கும் பழக்கமில்ல."

வாத்தியாருக்குத் திமிரைப் பார்! அவள் ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். கறுப்பு மலை இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. கேட்பானேன்? 'ராட்வீலர்' என்று எழுதி அழகாக அடிக்கோடும் போட்டாள்.

ஊசியை எடுத்ததும் அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். இவ்வளவு பெரிய நாயைக் கட்டி மேய்க்கிறவன்... ஊசிக்குப் பயமா?

"போட்டாச்சு. கண்ணைத் திறங்க."

திறந்தான். இப்போது சொல்லலாம் அந்தக் கண்களைப் பற்றி... மழையில் கழுவிவிட்ட இலைபோல அப்படியொரு பளிச்சென்ற கண்கள். அவள் ஒரு நொடி எல்லாவற்றையும் மறந்தாள். பஞ்சை ஊசி போட்ட அவன் புஜத்தில் வைப்பதற்குப் பதிலாகத் தன் விரலிலேயே வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நாலு தடவை வரணும். மூணாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள், இருபத்தெட்டாம் நாள்" என்றாள் அவசரமாக.

"அவ்வளவுதானா?" என்றான் அவன்.

மூன்றாம் நாள் அவள் காலையில் இரண்டு தடவை தலை பின்னினாள். முதல் பின்னலில் குற்றம் ஒன்றுமில்லை. சும்மாதான்!

அன்று அவன்தான் கடைசி ஆள். வெளியே வந்தால் மறுபடியும் மழை. அவள் குடையை விரித்தாள். அவனும் நாயும் பின்னால் வந்தார்கள். ஒரு தெரு வந்தது, இரண்டு தெரு வந்தது, அவன் விலகவே இல்லை. அவள் சட்டென்று திரும்பினாள்.

"எதுக்கு என் பின்னாடியே வர்றீங்க?"

"நான் என் வீட்டுக்குப் போறேங்க. அதோ அந்த நாலாவது பிளாக். போன மாசம்தான் குடி வந்தோம்."

அவள் அசடு வழிந்தாள். அதே குடியிருப்பில் முதல் பிளாக்கில்தான் அவள் வீடு. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரே அவள் அப்பாதான். அதை அவன் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

சாலையைக் கடக்கும் இடத்தில் நாய் தானாகவே நின்றது. உட்கார்ந்தது. வண்டிகள் போனதும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தது. நடந்து வந்து, அவள் செருப்பின் மேல் தன் பெரிய தலையைப் பொத்தென்று வைத்தது. அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"பஞ்சு! எடு தலையை."

"பஞ்சா? இவன் பேரு பஞ்சா?!"

"தொட்டுப் பாருங்க, தெரியும்."

தொட்டாள். ஒரு விரல்... இரண்டு விரல்... பிறகு முழுக் கையும். காது அப்படியே வெல்வெட். பஞ்சு கண்களைச் சொருகிக்கொண்டு பெருமூச்சு விட்டது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நாயை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான் வாத்தியார்.

"எல்லாரும் என்னை சிஸ்டர்னு கூப்பிடுறாங்க. நீங்க மட்டும் ஏன் கூப்பிடுறதே இல்ல?" என்றாள், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"வேற எப்படி வேணாலும் கூப்பிடுறேங்க... அது மட்டும் என் வாயில வராது."

அன்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, குடையைச் சுருக்காமலே லிஃப்டுக்குள் போயிருக்கிறாள் என்று.

ஏழாம் நாள் அவன் வந்தபோது முகம் களையிழந்து கிடந்தது. கையில் ஒரு தாள்.

"என்னாச்சு?"

"பெரிய நாய் எதுவும் குடியிருப்புல இருக்கக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டுத் தீர்மானம் பண்ணப்போறாங்க. மாசக் கடைசிக்குள்ள பஞ்சு வெளியே போகணும்." குரல் கம்மியது. "அவனுக்கு இது மூணாவது வீடுங்க. ரெண்டு பேர் வேணாம்னு விட்டுட்டுப் போனாங்க. மூணாவதா நானும்..."

அவள் தாளை வாங்கினாள். வாசித்தாள். 'மருத்துவமனைப் பதிவேட்டின்படி நான்கு வருடத்தில் ராட்வீலர் கடித்தவர்கள் பதினொரு பேர். அதில் ஒருவர் நம் குடியிருப்பிலேயே...' அப்பா கேட்டார் என்று, எதற்கென்றுகூடக் கேட்காமல், போன வாரம் அவளே கணக்கெடுத்துக் கொடுத்த பட்டியல்! 'சுத்தமா எழுதியிருக்கியேம்மா' என்று அவர் பாராட்டியபோது அவளுக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது.

"பஞ்சு என்னைக் கடிச்சான்னு சங்கத்துல எவரோ மனசாட்சியில்லாம எழுதியிருக்காங்க."

"எவரோ இல்ல" என்றாள் மெல்ல. "நான்தான். செகரட்டரி எங்க அப்பா."

அவன் நிமிர்ந்தான்.

"பெரிய நாய் வெளியே நின்னுச்சு... நீங்களும் வாயைத் திறக்கல. நான் பார்த்ததை எழுதினேன்."

"பார்த்தீங்களா? பஞ்சு கடிச்சதைப் பார்த்தீங்களா?" விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "இதைப் பாருங்க. நாலு சின்னப் புள்ளி. குண்டூசி குத்தின மாதிரி. அவன் பல்லு பட்டா விரலே மிஞ்சியிருக்காது! நாலு வருஷமா கடியைப் பார்க்கிறவங்களுக்கு இது தெரியாதா?"

தெரியும். நன்றாகவே தெரியும். அன்று அவள் விரலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். அதை ஒத்துக்கொள்ள நாக்கு எழவில்லை. பதிலுக்குக் கோபம்தான் வந்தது.

"அப்ப எது கடிச்சுதுன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"எப்படிங்க சொல்றது? முதல் பிளாக் மாடியில ஒரு அம்மா... அவங்க வளர்க்கிற பொமரேனியன். என் முழங்கால் உயரம்கூட இல்ல. அரை மணி நேரப் பாடத்துல ரெண்டு தடவை கடிச்சுது! வெளியே தெரிஞ்சா எவன் எங்கிட்ட நாயை அனுப்புவான்?"

மேடம்! அவளுக்குத் தலை கிறுகிறுத்தது.

"உங்க மானத்தைக் காப்பாத்த அந்த வாயில்லா ஜீவன் பழி சுமக்கணுமா?"

"பழியை எழுதினது நீங்க!"

ஊசி போட்டுக்கொண்டு, கண்ணைக்கூட மூடாமல், திரும்பிப் பார்க்காமல் போனான். வலித்தது அவனுக்கல்ல... அவளுக்கு.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. பதிவேட்டைத்தான் திறந்தாள். எட்டாவது கட்டத்தில் ராட்வீலர் என்று எழுதியிருந்த பதினொரு பேரில் அவனைத் தவிர்த்த பத்து பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டாள்.

"கறுப்பா இருந்துச்சு சிஸ்டர். கறுப்புன்னா அதானே?" என்றார் ஒருவர். "நான் ஓடினேன், அது வந்துச்சு. இனம் கேட்க நேரமில்ல" என்றார் இன்னொருவர். "நான் தெரியலன்னுதானே சொன்னேன், நீங்கதானே எழுதிக்கிட்டீங்க?" என்றாள் ஒரு டீச்சர். நிச்சயமாக ராட்வீலர்தான் என்று சொன்னவர்கள் இரண்டே பேர்.

பிறகு பொமரேனியனைத் தேடினாள். நான்கு வருடத்தில் ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? அவளையே மேடம் மூன்று தடவை கடித்திருக்கிறது. கையைக் கழுவிக்கொண்டு, ஆபத்தில்லாத கடிதான் என்று பேசாமல் இருந்துவிட்டாள். ஊசி போடுகிறவளே தன் கடியைத் தன் பதிவேட்டில் எழுதவில்லை! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

டாக்டரிடம் போய் நின்றாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தெரியலன்னா தெரியலன்னு எழுதும்மா. அதுவும் ஒரு பதில்தான்" என்றார். ஒன்பது இடத்தில் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். எட்டு இடத்தில் 'தெரியவில்லை'. அவனுடைய வரியில் மட்டும் 'பொமரேனியன்'.

ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்த்தளக் கூடம் நிரம்பி வழிந்தது. கடைசி வரிசையில் வாத்தியார். காலடியில் பஞ்சு, நடப்பது எதுவும் தெரியாமல் கொட்டாவி விட்டுக்கொண்டு. மேடத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அத்தை.

அப்பா பட்டியலை வாசித்து முடித்தார். "ஆதாரம் இருக்கு. ஆட்சேபணை உண்டா?"

அவள் எழுந்தாள். அப்பாவை எதிர்த்து வீட்டுக்குள்ளேயே பேசியதில்லை அவள்.

"இருக்குப்பா. அந்தப் பட்டியலை எழுதினது நான். அது தப்பு." அப்பா தலையை உயர்த்தினார். "கறுப்பா பெருசா இருந்ததையெல்லாம் ராட்வீலர்னு எழுதிட்டேன். பெரிய நாய் கடிச்சா காயம் பெருசு... அது நிஜம். அப்படிக் கடிபட்டவங்கதான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வர்றாங்க. சின்ன நாய் கடிச்சவங்க கையைக் கழுவிட்டு வீட்டுலயே இருந்துடுறாங்க. எது அதிகமா கடிக்கும்னு என் ரிஜிஸ்டருக்குத் தெரியாதுப்பா. எது கடிச்சா ஜனங்க வருவாங்கன்னுதான் தெரியும்."

"என்னம்மா உளர்றே? நம்ம குடியிருப்பிலேயே ஒருத்தரை..."

"அந்த ஒருத்தன் நான்தான் சார்."

எல்லாரும் திரும்பினார்கள். வாத்தியார் எழுந்து நின்றிருந்தான். காதுமடல் அதே சிவப்பு.

"எனக்குத் தொழிலே நாய்தான். என்னைக் கடிச்சது பஞ்சு இல்ல... அந்த மேடம். ரெண்டு தடவை. வெட்கப்பட்டுக்கிட்டு வாயை மூடிட்டு இருந்தேன். தப்புதான்."

கூடத்தில் குபீரென்று சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குத்தான் அவன் இத்தனை நாள் பயந்தான். இப்போது அதன் நடுவில் நிமிர்ந்தே நின்றான்.

"மேடம் கடிச்சவங்க யார் யாரு? கையைத் தூக்குங்க" என்று தன் கையை முதலில் தூக்கினாள்.

தயங்கித் தயங்கி ஒரு கை. பிறகு எலக்ட்ரீஷியன். பிறகு இரண்டாம் மாடி வக்கீல், அவர் மனைவி... மளமளவென்று பதினேழு கைகள். "செல்லமா கவ்வும், அவ்வளவுதான்!" என்று எகிறிய அத்தை, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் கையையும் அரைகுறையாகத் தூக்கினாள். கடைசியில் மேடையில் ஒரு கை எழுந்தது. அப்பா!

"எப்பப்பா?"

"போன மாசம்... கணுக்கால்ல" என்றார் செயலாளர், யார் முகத்தையும் பார்க்காமல்.

தீர்மானம் அன்றே மாறியது. எந்த இனமானாலும் கயிறு கட்டாயம், தடுப்பூசி கட்டாயம், பயிற்சி கட்டாயம். பஞ்சு எங்கேயும் போகவேண்டாம். முதல் மாணவியாக மேடத்தைச் சேர்த்துவிட்டுத்தான் அத்தை நகர்ந்தாள்.

கூட்டம் கலைந்த சந்தடியில் அவளால் அவனோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

பதினாலாம் நாள் காலை. வரிசையில் அவனைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. சந்தோஷத்தில் அல்ல. ஒரு விஷயம் அவளுக்குத் தெரியும். தடுப்பூசி போட்ட நாய், கடித்துப் பத்து நாள் கழிந்தும் நன்றாக இருந்தால் மீதி ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேடத்துக்கோ நேற்றுகூட வக்கீலைத் துரத்தும் அளவுக்கு ஆரோக்கியம். சொன்னால் அவன் போய்விடுவான். சொல்லாமல் இருக்கலாமா... ஒரு ஊசிதானே... சே, என்ன புத்தி இது!

அவன் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினான்.

"உங்களுக்கு இனிமே ஊசி வேண்டாம்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "நாய் நல்லா இருக்கு. நீங்க வரவேண்டிய அவசியமே இல்ல."

"தெரியும். டாக்டர் மூணு நாள் முன்னாடியே போன்ல சொல்லிட்டார்."

அவள் நிமிர்ந்தாள். "அப்ப ஏன் ஒரு மணி நேரம் வரிசையில நின்னீங்க?"

"உங்களைப் பார்க்க." ஊசிக்கு மூடுகிற கண்கள் இப்போது மூடவே இல்லை. "அன்னைக்கு உங்களைத் திட்டிட்டுப் போனதுலேர்ந்து சோறு இறங்கல. நீங்க அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னப்ப... இனிமே இவங்க இல்லாம நமக்கு ஆகாதுன்னு தோணிடுச்சு. பிடிக்கலன்னா சொல்லிடுங்க. எழுந்து போயிடுறேன்."

"போயிடுவீங்களா?"

"...மாட்டேன்னு நினைக்கிறேன்."

அவளுக்கு முகமெல்லாம் சூடாகியது. சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும்...

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. மூணாம் நாளே பிடிச்சிடுச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, அப்பாகிட்ட நீங்களே கேளுங்க."

"அப்பா கடிச்சிடுவாரா?"

"கொஞ்சம் குரைப்பார். நான் பக்கத்துல நிக்கிறேன், பயப்படாதீங்க."

அவன் சிரித்தபடி கையை நீட்டினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். நான்கு வருடத்தில் எத்தனையோ கைகளைப் பிடித்திருக்கிறாள், ஊசி இல்லாமல் பிடித்த முதல் கை இதுதான்.

"சிஸ்டர், என் முறை வந்துடுச்சா?" என்று வெளியிலிருந்து ஒரு குரல்.

"வந்துடுச்சு, உள்ளே வாங்க" என்றாள். ஆனால் கையை மட்டும் விடவில்லை.