இடது பக்கத்து ரப்பர்

விடிந்தும் விடியாத நேரம். ஐப்பசி மழை அப்போதுதான் சற்று ஓய்ந்திருந்தது. வாளித் தண்ணீரும் பழந்துணியுமாகக் கொட்டகைக்கு ஓடிய அன்னாள், ஜீப்பின் பின்னால் குந்திக்கொண்டு அவசர அவசரமாகத் தேய்த்தாள். ஓரகத்தி எழுந்து வருவதற்குள் துடைத்துவிட வேண்டும்... மாதாவே, அவள் கண்ணில் மட்டும் இது பட்டுவிடக் கூடாது!

"விடிஞ்சா போதும், ஜீப்பைத் தேய்க்கக் கெளம்பிடறா! தண்ணி ஊத்திக் கழுவிட்டா செஞ்ச பாவம் போயிடுமா?"

வாசலில் ரோசி நின்றிருந்தாள், இடுப்பில் பெண் குழந்தையோடு. அன்னாளின் கொழுந்தன் பவுல்ராஜின் மனைவி அவள். பவுல்ராஜ் கண்ணை மூடி ஒரு வருசம் ஆகப்போகிறது.

"சேறு காஞ்சிட்டா போகாது ரோசி, அதான்..."

"எம் பேரை உன் வாயால சொல்லாத! மீனுக்கு ஆசைப்பட்டு எம் புருசனை முழுங்கின வாயி அது!"

குழந்தை பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கையை நீட்டியது. ரோசி அந்தக் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"நாளன்னிக்குக் கல்லறைத் திருநாள். அவருக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு இவளைத் தூக்கிக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போறேன். அப்புறம் இந்த வாசப்படியை மிதிச்சேன்னா என்னை ஏன்னு கேளு!"

அன்னாளுக்கு என்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை. இந்தக் குழந்தை பிறந்து விழுந்தது அவள் கையில்தான். அதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் அவளுக்கு என்ன மிச்சம்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரோசி போகமாட்டாள். ஆனால் அந்த வார்த்தையைத்தான் சொல்ல முடியாது.

போன வருசம் இதே மழை. அபிஷேகப்பாக்கத்து வயல் வரப்பெல்லாம் ஏறி இறங்கட்டும் என்று, மிலிட்டரி ஏலத்தில் முன்பே அந்த ஜீப்பை எடுத்திருந்தான் அன்னாளின் புருசன் மரியசுந்தரம். உரமூட்டைக்கும் அதுதான், திருவிழாவுக்கும் அதுதான். தம்பி பவுல்ராஜ் மட்டும் ஒருநாளும் உள்ளே உட்கார்ந்தவனில்லை. பின்படியில் இடது பக்கமாக ஏறி நின்று, கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டுதான் வருவான். அன்றைக்குக் கடலோரப் பனித்திட்டிலிருந்து மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஏரிக்கரைச் சேற்றில் ஜீப் வழுக்கியது. பின்படியில் நின்றவன் மதகுக் கல்லில் தலை மோதி, விழுந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தான்.

நிறைமாதக்காரி ரோசி தரையில் புரண்டு அலறினாள். "இந்தக் கொட்டுற மழையில அவரை யாரு போகச் சொன்னது? சொல்லுங்க!"

மரியசுந்தரத்துக்கே தெரியாது. மீன் வாங்கணும்ணே, வண்டியை எடு என்று தம்பி கூப்பிட்டான், போனான், அவ்வளவுதான். அன்னாளுக்கு மட்டும் தெரியும். கிளம்பும்போது பவுல்ராஜ் அவள் காதோடு சொல்லிவிட்டுப் போயிருந்தான்: "ரோசிக்கு சங்கரா மீன் ஆசையாம் அண்ணி. வேணாம்னு சொல்லி ஏமாத்திட்டு வந்திருக்கேன். சொல்லிடாதீங்க!"

அதைச் சொன்னால் அந்தப் பெண் அந்த இடத்திலேயே உயிரை விட்டிருப்பாள். வயிற்றுப் பிள்ளையும் சேர்ந்து போயிருக்கும். அன்னாள் முன்னால் வந்து நின்றாள்.

"நாந்தான் அனுப்பினேன். எனக்குத்தான் மீன் திங்கணும்போல இருந்திச்சி."

ஊரே காறித் துப்பியது. கட்டினவன்கூட அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்னாள் அதற்குப் பிறகு மீனை நாக்கில் வைக்கவில்லை.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் இந்த வருசம் மழை பிடித்ததிலிருந்து நடப்பதை எப்படிப் பொறுப்பது? ஜீப் வெளியே போய்விட்டு வந்தால் பின்பக்கம் முழுக்கச் சேறு வாரி அடித்திருக்கும். படியின் இடது ஓரத்தில் மட்டும் இரண்டு பாதத்தின் அளவுக்குச் சேறே படாமல் சுத்தமாக இருக்கும். ஆள் ஏறி நின்ற இடத்தில் சேறு படாதே, அதுபோல! வலது பாதத்தில் சுண்டுவிரல் கிடையாது. மண்வெட்டி பட்டுப் பவுல்ராஜுக்குச் சுண்டுவிரல் போனது ஊருக்கே தெரியும்.

சேறு அடித்தால்தானே தடம் தெரியும் என்று கணக்குப் போட்டாள் பாவம். முந்தின ராத்திரியே சுவரைப் பார்த்துக்கொண்டு புருசனிடம் சொல்லியிருந்தாள்.

"கல்லறைக்கு எல்லாரும் வெள்ளை உடுத்திக்கினு வருவாங்க. பின் சக்கரத்துக்கு ரப்பர் போட்டுட்டா சேறு அடிக்காதுங்க."

அன்று காலையிலேயே வில்லியனூரிலிருந்து செல்லப்பன் வந்தான். டயர் கடைக்காரன். பழைய லாரி டயரில் அறுத்தெடுத்த இரண்டு ரப்பர் துண்டுகளை, இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்கி, பின் சக்கரங்களுக்குப் பின்னால் தொங்கவிட்டான். அடி விளிம்பு தரைக்கு நாலு விரல் மேலே நிற்க வேண்டும். வலது பக்கம் நின்றது. இடது பக்கம் தரையைத் தொட்டது.

கழற்றி இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தான். ஒரே அளவு. மறுபடி மாட்டினான். இடது பக்கம் தரையைத் தொட்டது. அடியில் படுத்து ஸ்பிரிங் பட்டையைத் தட்டிப் பார்த்தான்.

"பட்டை நல்லாத்தான் இருக்குது. யாரோ பின்படியில ஏறி நிக்கிற மாதிரி இந்தப் பக்கம் அமுங்குதே! யாருங்க உள்ள?"

யாரும் இல்லை. செல்லப்பன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அன்னாள் கொண்டுவந்த காப்பியைக்கூடத் தொடாமல் சாமான்களைச் சுருட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டான்.

"அவரு நின்ன எடத்துல ரப்பரைத் தொங்கவுட்டுட்டா, அவரு நெனப்பும் மறைஞ்சிடும்னு பாக்கறியா?" வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ரோசி கத்தினாள். பிறகு மரியசுந்தரத்தின் பக்கம் திரும்பினாள். "மாமா, நாளைக்கு அவருக்குப் படைக்கணும். மீன் வேணும். பனித்திட்டுக்கு நானும் வரேன். உங்க பொண்டாட்டியும் வரட்டும்... அவரு போன வழியை இவளும் கண்ணால பாக்கட்டும்!"

மறுநாள் காலை தூறலில் கிளம்பினார்கள். குழந்தையோடு ரோசி முன்னால். பின்னால் அன்னாள் தனியாக. தனியாகத்தானா? ஏரிக்கரை வந்ததும் பவுல்ராஜ் குடிக்கும் பீடியின் வாசனை ஈரத்தோடு குப்பென்று அடித்தது. பின்கம்பி நெடுக மழைத்துளி கோத்துக்கொண்டு நின்றது. ஒரு கைப்பிடி அளவுக்கு மட்டும் ஒரு துளிகூட இல்லை. அன்னாள் 'அருள் நிறைந்த மரியே' செபத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பனித்திட்டில் தென்னங்கீற்று மறைப்பில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள் தனக்கொடி. மீன்காரி. ஜீப்பைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்தாள்.

"அட, இந்த ஜீப்பா! போன வருசம் மாசமா இருந்தவ நீதானா தாயி? இதானா அந்தப் புள்ளை? சங்கரா மீன் கொழம்பு எப்பிடி இருந்திச்சி?"

ரோசி விழித்தாள். "இன்னா சொல்ற? எந்தக் கொழம்பு?"

"தனக்கொடிம்மா, மீனைப் போடு, நேரமாவுது..." என்று அன்னாள் பதறிக்கொண்டு இறங்கினாள். மீன்காரி விட்டால்தானே!

"உன் வூட்டுக்காரருதான் மழையில வந்து நின்னாரே! 'பொண்டாட்டி நிறைமாசம் ஆயா, சங்கரா கேட்டா, மழையில மீனா போடின்னு சிரிச்சிட்டு வந்துட்டேன், திடீர்னு கொண்டுபோய் அவ எதிர்ல வெக்கணும்'னாரு. நான் கை நெறைய அள்ளிப் போட்டேன். வேணும்னா அவரையே கேளேன், பின்னாலதான நிக்கிறாரு! பாவம் தாயி, நனைஞ்சிக்கினு நிக்கிறாரே... உள்ள வந்து குந்தச் சொல்லு."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

யாரும் இல்லை. ரப்பர் வேலை செய்திருந்தது, பின்பக்கம் ஒரு பொட்டுச் சேறு இல்லை. படியின் இடது ஓரத்தில் மட்டும் இரண்டு பாதம், ஈரச் சேற்றில். வலது பாதத்தில் சுண்டுவிரல் இல்லை. இடது பக்கத்து ரப்பர் மணலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மரியசுந்தரம் சிலுவை போட்டுக்கொண்டான். ரோசி பயப்படவில்லை. கிட்டே போய் அந்தத் தடத்தின்மேல் கையை வைத்தாள்.

"ஒரு வாட்டிதான் கேட்டேன்... மழையில மீனா, போடின்னு சிரிச்சாரே... அப்ப நானா? நானா அனுப்பினேன்?" சடாரென்று திரும்பினாள். "நீ ஏன் அப்பிடிச் சொன்ன? ஒரு வருசமா நான் ஏசுனது அத்தனையும்... ஏன் வாங்கிக்கின?"

"அன்னிக்கு உனக்குத் தெரிஞ்சிருந்தா நீ இருந்திருப்பியாடி? இந்தப் புள்ளைதான் இருந்திருக்குமா? உனக்கு ஏச ஒருத்தி வேணும்னு தோணிச்சி... அது நானா இருந்துட்டுப் போறேன்னு..."

"அக்கா!"

ஒரு வருசத்துக்குப் பிறகு அந்த வார்த்தை! ரோசி குழந்தையோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். மரியசுந்தரம் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். "என்ன ஏதுன்னு கேக்காமயே நானும் உன்னைத் தண்டிச்சிட்டேனே அன்னா" என்று துண்டுக்குள்ளேயே அழுதான்.

திரும்பும்போது குழந்தை அன்னாளின் மடியில். மீன் கூடையை வைத்துக்கொண்டு ரோசி பின்படியை ஒட்டி உட்கார்ந்து வந்தாள். ஏரிக்கரையில் ஜீப் மெல்லப் போனது, வழுக்கவில்லை. வாசலில் நின்றதும் அவள் படியைப் பார்த்துப் பேசினாள், புருசனிடம் பேசுகிறவளாகவே.

"மீனு வூடு வந்து சேந்துடுச்சிங்க. எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. போதும், எறங்கிக்கோங்க."

காற்று அசையவில்லை. ஸ்பிரிங் ஒருமுறை கிரீச்சிட்டது. இடது பக்கத்து ரப்பர் மெதுவாகத் தரையை விட்டு எழும்பி நாலு விரல் மேலே நின்றது. அன்னாள் இறங்கிப் பார்த்தாள். படியில் தடம் இல்லை.

மத்தியானம் குழம்பு கொதித்து இறங்கியது. பவுல்ராஜின் படத்துக்கு முன்னால் ஓர் இலை போட்டுப் படைத்தார்கள். அப்புறம் ரோசி சோற்றில் மீனை உதிர்த்து, முள் பார்த்து, பிசைந்து முதல் கவளத்தை அன்னாளின் வாயருகே கொண்டுவந்தாள்.

"எனக்கு வேணாம்டி..."

"என்னால நிறுத்தின மீனு, என் கையால தின்னுக்கா. நான் எங்கம்மா வூட்டுக்கெல்லாம் போகல."

கண்ணீரோடு அன்னாள் வாயைத் திறந்தாள். குழந்தை அவள் மடியிலிருந்து எட்டி ரோசியின் கையைப் பிடித்தது.

"எம் பேரைச் சொல்லாதன்னேனே... ரோசின்னு ஒரு வாட்டி கூப்புடுக்கா."

வாய் நிறையச் சோறு இருந்தது. அன்னாளால் உடனே கூப்பிட முடியவில்லை.