நூறைத் தாண்டாத வண்டி

காரவள்ளி அடிவாரத்திலுள்ள பங்குப் பலகையை அரப்பளி தினமும் காலை ஆறு மணிக்குத் துடைப்பான். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் எழுபது விளக்கு, நடுவில் ஒரு பெரிய எண். தூசி தட்டி, விளக்குகளை ஒரு சுற்றுப் பார்த்து, மேலே தொங்கும் மணியின் கயிற்றில் சிக்கல் இல்லையா என்று தடவிப் பார்த்தால் அவன் நாள் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவனை அரப்பளி என்று கூப்பிடுவது சம்பளச் சீட்டு மட்டும்தான். கொல்லிமலைக்காரர்கள் எல்லோருக்கும் அவன் வளைவன்.

அன்று ஏழரைக்கு ஒரு ‘களிறு’ வந்தது. எட்டு சிலிண்டர் எஸ்யூவி. முன்கண்ணாடியில் முந்துரிமை வில்லை மின்னியது. அது வாயிலைக் கடந்ததும் பலகையின் எண் நூறைத் தாண்ட, மணி தானாகவே அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் இருந்த ஒலிபெருக்கி அதைத் திருப்பிச் சொன்னது. ஏறிக்கொண்டிருந்த பஸ், இறங்கிக்கொண்டிருந்த அன்னாசி லாரி, மிளகு மூட்டை ஏற்றிய ஜீப் எல்லாம் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தன. பச்சை விளக்குகள் சிவந்தன. அடுத்த இருபத்து நான்கு நிமிடம் அந்த மலையில் ஓடியது ஒரே ஒரு வண்டி.

சட்டம் எளிமையானது. இந்தக் காடு ஒரு மணி நேரத்தில் நூறு பங்கு புகையைத்தான் விழுங்கும். மீறினால் மரம் பட்டுப்போகும். மின்கலத்துக்கான உலோகம் அளந்து கொடுக்கப்படுவதால் மின்வண்டிகள் சமவெளிக்கே போதவில்லை. மலையேற இன்னும் பாசியெண்ணெய் எஞ்சின்தான். ஐம்பது பேர் போகும் பஸ்ஸுக்கு முப்பது பங்கு. ஒருவர் போகும் களிறுக்கு எண்பத்திரண்டு. முந்துரிமை வில்லை வாங்கியவருக்கு முதலில், மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு. களிறு வாங்குகிறவர்கள் வேகத்துக்காக வாங்கவில்லை என்பது அரப்பளிக்கு நன்றாகத் தெரியும். ஊரே ஒதுங்கி நிற்கும் அந்த இருபத்து நான்கு நிமிடத்தைத்தான் அவர்கள் வாங்குகிறார்கள்.

வளைவன் என்ற பெயரும் இந்த மணி கொடுத்ததுதான். முப்பது வருடங்களுக்கு முன், சட்டம் வந்த புதிதில், பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்கு இறங்கிக்கொண்டிருந்த அவன் அம்மாவின் பஸ்ஸை இதே மணி நாற்பத்தாறாம் வளைவில் நிறுத்தி வைத்தது. மணி ஓய்ந்தபோது பஸ்ஸில் ஓர் ஆள் கூடியிருந்தது. அம்மா பிழைத்தது எந்தச் சாமி புண்ணியமோ. அப்போது அக்கா பாவாயிக்குப் பதினோரு வயது. தம்பியைத் துண்டில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மணியை அடிக்க வைத்த பெரிய கார் போவதை ஜன்னல் வழியே பார்த்தாளாம். பிள்ளை வளர்ந்து அதே மணிக்குக் காவலாக வந்து உட்கார்ந்ததை ஊர் இன்னும் கிண்டல் செய்து ஓயவில்லை.

அந்தப் பாவாயி இன்று களிறு செய்யும் கம்பெனியிலேயே எஞ்சின் பிரிவின் தலைவி. கேட்டவர்களிடம் மட்டுமல்ல, கேட்காதவர்களிடமும் அரப்பளி இதைச் சொல்வான். ஆறு வருடம் உழைத்து அதே களிறுக்கு ஒரு சின்ன எஞ்சின் செய்திருந்தாள். இரண்டே சிலிண்டர். அதன் கடைசிச் சோதனை அன்றைக்குத்தான். கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புது எஞ்சினைச் செய்தவரே வண்டியை ஓட்ட, பக்கத்தில் முதலாளி உட்கார, ஏழு பேரோடு கொல்லிமலை ஏற வேண்டும். உச்சியில் பானெட்டின் மேல் காகிதத்தை வைத்து முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் எஞ்சின் கிடங்குக்குப் போகும். பழைய களிறு இன்னும் பத்து வருடம் மலையேறும்.

ஒன்பது மணிக்கு வண்டி வந்து நின்றது. பழைய களிறின் அதே உயரம், அதே மினுக்கு. உறுமல் மட்டும் இல்லை.

“சாப்டியா வளைவா?” என்றாள் பாவாயி.

“ஆச்சுக்கா. நீ?”

“மேல போய்த்தான்.” அவள் முகம் வெளுத்திருந்தது.

பலகை வண்டியை எடை போட்டு இருபத்து மூன்று பங்கு என்றது. மலையில் ஏற்கெனவே எழுபத்தொன்று. எண் தொண்ணூற்று நான்கில் நின்றது. தடுப்புக் கம்பி உயர்ந்தது. பக்கத்து இருக்கையிலிருந்த முதலாளி சிற்றம்பலம் கண்ணாடியை இறக்கினார்.

“எங்கப்பா மணி?”

“நூறைத் தாண்டலீங்கய்யா. அதனால அடிக்காதுங்க.”

“கையாலயும் அடிக்கலாமில்ல? கயிறு தொங்குதே.”

“அது புகைய அளக்கற உணரி கெட்டுப்போனா அடிக்கறதுக்குங்க.”

“இங்க பாரு தம்பி, எங்கப்பா காலத்துல இருந்து எங்க வண்டி ஏறுனா மலை ஒதுங்கும். வாங்கறவன் அதுக்குத்தான் வாங்கறான். பஸ்ஸுக்குப் பின்னாடி வரிசையில போற வண்டிய எவன் வாங்குவான்? மணி அடிச்சாத்தான் இந்த வண்டி மேல போகும், நானும் கையெழுத்துப் போடுவேன்.”

அரப்பளி அக்காவைப் பார்த்தான். அவள் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது உன் கயிறு தம்பி. அதுல நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல,” என்றாள்.

ஒரே ஓர் இழுப்பு. அக்காவின் ஆறு வருடம் கைகூடிவிடும். அவன் கை கயிற்றைத் தொட்டும்விட்டது. பலகையில் ஒரு பஸ் ஐம்பதாம் வளைவிலிருந்து கீழே வந்துகொண்டிருந்தது. அதில் யார் யாரோ. எல்லோரும் ஒதுங்கிய பாதையில் ஏறிக் காட்ட எட்டு சிலிண்டரே போதுமே, இவள் எதற்காக இவ்வளவு பாடுபட்டாள் என்று தோன்றியது. கையை எடுத்தான்.

“இந்த வண்டிக்கு மணி கிடையாதுங்கய்யா. எங்கக்கா ஆறு வருஷம் பாடுபட்டதே அதுக்குத்தானுங்க.”

சிற்றம்பலம் பாவாயியின் பக்கம் திரும்பினார். அவள் அதற்குள் கியர் போட்டுவிட்டாள்.

அதன்பின் அரப்பளி பலகையை விட்டு அசையவில்லை. எண் இருபதாம் வளைவில் தொண்ணூற்றைந்து, முப்பத்தைந்தில் தொண்ணூற்றேழு. ஏழு பேரின் பாரம் தெரியத் தொடங்கியது. மலையிலேயே செங்குத்தான இடம் நாற்பத்தாறு. அங்கே எண் தொண்ணூற்றெட்டாகி, தொண்ணூற்றொன்பதாகி அப்படியே நின்றது. நூறைத் தாண்டினால் மணி தானே அடித்துவிடும்; முதலாளி கையெழுத்துப் போட்டாலும், அக்கா ஆறு வருடம் பாடுபட்டதற்கு அர்த்தமில்லாமல் போய்விடும். தொண்ணூற்றொன்பது. தொண்ணூற்றொன்பது. பிறகு தொண்ணூற்றாறு.

எழுபது விளக்கும் பச்சை. களிறு ஒன்று மலையேறும்போது அப்படியொரு பலகையை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆனால் மேலேயிருந்து போன் வரவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். தன் வீம்பால் அக்காவின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோம் என்று நினைத்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அரை மணி கழித்துத்தான் மேல்வாயிலில் காவல் இருக்கும் செங்காயி கூப்பிட்டாள்.

“அண்ணா, இங்க ஒரே கூத்து. வண்டி பஸ்ஸோட பஸ்ஸா வந்து நின்னுச்சு. முதலாளி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் இறங்குனாரு.”

“கையெழுத்து?”

“இருண்ணா, சொல்றேன். எப்பவும் இவரு வந்தா மலையே காலியா இருக்கும், திரும்பிப் பார்க்க ஆளிருக்காது. இன்னைக்கு பஸ்ஸுல வந்த சனம் பூரா வண்டியச் சுத்திக்கிச்சு. ஒரு அம்மா, ‘ஏனுங்க, மணியே அடிக்காம இம்புட்டுப் பெரிய வண்டி எப்படி ஏறுச்சு’ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான். தன் கையால பானெட்டத் தொறந்து, ‘பாருங்க, ரெண்டே சிலிண்டர், உங்க சோத்துத் தூக்குப்போசி அளவுதான்’னு காமிக்க ஆரம்பிச்சவரு இன்னும் நிறுத்தல. ஊருல யாருகிட்டயும் இத்தனை சின்ன எஞ்சின் இல்லையாம். என்னவோ அவரே பெத்த மாதிரி பெருமை.”

“கையெழுத்துப் போட்டாரா இல்லையா?”

“பானெட்ட மூட மனசு வராம, எஞ்சின் மேலயே காகிதத்த வெச்சுப் போட்டாரு. போடறப்ப எஞ்சின்ல வார்த்த எழுத்துல ஒரு பேரு இருந்துச்சு. ‘வளைவன்னா யாரும்மா’ன்னு உங்கக்காவக் கேட்டாரு.”

அரப்பளி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“‘மணியடிக்க மாட்டேன்னானே, அவன்தானுங்க’ன்னாங்க உங்கக்கா.”

போனை வைத்தபின் அவன் வெகுநேரம் முகத்தைத் துடைக்கவில்லை. துடைக்க வேண்டிய அவசியமும் இல்லை, பார்க்க யாரும் இல்லை. பெருமையில் மனிதன் அழுவான் என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. பலகையில் அந்த வண்டி திரும்பி இறங்கத் தொடங்கியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு பஸ், நாற்பத்தாறாம் வளைவில் நிற்காமல் திரும்பி, ஆஸ்பத்திரி இருக்கும் பக்கமாகக் கீழே வந்துகொண்டிருந்தது.