நீக்கப்படுபவை

லவனின் குரலுக்கு மருதானைக் கணினிக் கடையில் சொன்ன விலை பதினெட்டாயிரம் ரூபாய். தனுஷியா பன்னிரண்டுக்கு இறக்கினாள். இறக்கியதில் ஒரு சின்னச் சந்தோஷமும் பட்டாள். செத்த புருசனின் குரலுக்குப் பேரம் பேசினோமே என்ற வெட்கம், பேரம் படிந்த பிறகுதான் வந்தது.

கடைக்காரி ஷஹீமா பழுதாகிக் கிடந்த அவன் லப்டொப்பிலிருந்து ஒரேயொரு ஒலிப்பதிவை மீட்டுக் கொடுத்தாள். "குரல் உள்ளுக்குப் பத்திரமா ஈக்கி, தங்கச்சி. தொறக்கிற சாமான்தான் இல்ல. உங்கட மாப்புள சும்மா கெடைக்கிற ஏதோ ஒரு மென்பொருள்ல பதிஞ்சிருக்காரு. அத நீங்களே கொம்பைல் பண்ணி, துண்டு துண்டாக் கட்டி எடுக்கோணும்."

"சும்மா கிடைக்குதெண்டால் நல்லதுதானே."

"அதுக்குத்தான் கூட வெல." ஷஹீமா சிரித்தாள். "மெஷின் எதையாச்சும் நீக்கவா எண்டு கேக்கும். 'ஆமா'க்கு 'ஒய்' அடிக்க முந்தி என்னத்த நீக்குது எண்டு வாசிங்க. எல்லாரும் வாசிக்காமத்தான் அடிக்கிற."

வெள்ளவத்தையில், கலியாணம் கட்டின கையோடு வாங்கிய மூன்றாம் மாடி பிளட்டில், சனிக்கிழமை பின்னேரம் மழை ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவள் மேசையில் அமர்ந்தாள். உள்ளறையில் மிதுனா படம் கீறிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. அவள் வயிற்றில் இருக்கும்போதே லவன் கொழும்புக் காலி வீதியில் பஸ்ஸில் அடிபட்டுப் போனவன். போன கிழமை, முன்பல் விழுந்த வாயோடு பிள்ளை கேட்டாள்: "அப்பா எப்பிடியம்மா கதைப்பார்? உங்கள மாதிரிக் கத்துவாரோ?" தனுஷியாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் குரல் அவளுக்கே மறந்துபோயிருந்தது. அது தெரிந்த இரவிலிருந்து அவள் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

திரையில் சிவப்பு வரிகள் நிறைந்தன. லவனின் மென்பொருள் தனியே நிற்பதல்ல. லைப்ரரி என்று சொல்லும் வேறு பல சாமான்களின் தோளில் ஏறி நிற்பது. அவள் கணினியில் இருந்தவையெல்லாம் புதிய பதிப்பு. அதற்கு வேண்டியவையோ மிது உண்டாவதற்கு முந்திய காலத்துப் பழசுகள். பழையதும் புதியதும் ஒரு கூரைக்குக் கீழே இருக்கமாட்டோம் என்றன. பழையதை ஏற்றுவதானால் புதியதையும் அதை நம்பியிருப்பவற்றையும் நீக்கவேண்டும். தொடரவா என்று இயந்திரம் கேட்டது. மேலே, நீக்கப்படுபவற்றின் நீண்ட பட்டியல். அவள் 'ஒய்' அடித்தாள்.

மேசையில் மஞ்சள் வெயில் விழுந்தது.

யன்னலுக்கு வெளியே பன்னிரண்டு மாடிக் கட்டடம் எழும்பிக் கடலை மறைத்த நாளிலிருந்து அந்த அறைக்குள் பின்னேர வெயில் வந்ததில்லை. இப்போது வந்தது; அதோடு அலைச் சத்தமும், உப்புக் காற்றும், கரையோர ரயில் ஓடும்போது யன்னல் கம்பிகள் மெல்ல அதிரும் அந்தப் பழைய கிணுகிணுப்பும். மழை எப்போது விட்டது? அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்பு வரிகளில் பாதி மறைந்திருந்தன. கண் அங்கேதான் நின்றது. இன்னும் பழைய பதிப்பு வேண்டும் என்றது இயந்திரம். 'ஒய்'.

புதுப் பெயின்ற் மணத்தது.

தலையைத் தூக்கினாள். உள்ளறைக் கதவு நிலையில், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பென்சிலால் மிதுவின் உயரம் குறித்த கோடுகள். மேலே இருந்த மூன்றைக் காணவில்லை.

"மிது, கோட்டை அழிச்சனியோ?"

"இல்லம்மா." குரலில் மழலை. "என்ட தட்டை பெருதாப் போத்து."

பிள்ளை கதவடியில் வந்து நின்றாள். சட்டை கணுக்கால் வரை தொங்கியது. சிரித்தாள். விழுந்த முன்பல் வாயில் இருந்தது.

தனுஷியா மேசைக்குப் பாய்ந்தாள். புதிய பதிப்பைத் திரும்பக் கேட்டாள். அதற்கு இன்னொன்று வேண்டும் என்றது இயந்திரம். அந்த இன்னொன்றைக் கேட்டாள். அதற்கு முதலாவது வேண்டுமாம். திரும்பவும் கேட்டாள். ஷஹீமாவுக்கு அழைத்தாள்.

"அக்கா, போட்டதை எப்பிடி எடுக்கிறது? கெதியாச் சொல்லுங்கோ."

"ஒடஞ்சதச் சரிக்கட்டு எண்டு ஒரு கட்டளை ஈக்கி, தங்கச்சி. அதக் குடுங்க. ஆனா அடிக்க முந்தி—"

வெட்டுப்பட்டது. காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கையில் இருந்தது எப்போதோ தொலைத்த பழைய போன்.

கட்டளையைக் கொடுத்தாள். வரிகள் தாமாக ஓடின.

"அம்மா."

ஓடின.

"ம்மா."

பிறகு அழுகை. பச்சைக் குழந்தையின் அழுகை. அவள் மார்பில் சட்டை நனைந்தது. ஐந்து வருடத்துக்கு முன் வற்றிய பால்.

தொடரவா?

மேலே பட்டியல். இந்தமுறை வாசிக்கத்தான் பார்த்தாள். கண்ணீரில் எழுத்துகள் கரைந்தன. அழுகை விக்கலாகி மூச்சு இழுத்தது. சரிக்கட்டத்தானே கேட்கிறது. சரிக்கட்டத்தானே.

'ஒய்'.

அமைதி.

சட்டை காய்ந்திருந்தது. கதவு நிலை வழுவழுவென்று வெள்ளையாக நின்றது. ஒரு கோடும் இல்லை. உள்ளறையில் கட்டில் இல்லை, படத்தாள் இல்லை. வயர்ப் பெட்டிகள் மட்டும். லவனின் பெட்டிகள்.

குசினியில் யாரோ கோப்பையில் சீனி கலக்கினார்கள்.

"தனு, உமக்கும் தேத்தண்ணி போடட்டோ?"

குரல் கணினியிலிருந்து வரவில்லை. நனைந்த கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு அவன் வாசலில் வந்து நின்றான். அவள் கட்டிலுக்குக் கீழே தேடுகிறவள்போல வெறுந்தரையில் மண்டியிட்டிருந்தாள்.

"ஆரைத் தேடுறீர்? இஞ்ச நாங்கள் ரெண்டு பேர்தானே."

யாரையென்று சொல்ல வாய் திறந்தாள். பெயர் வரவில்லை.

மேசையில் திரை கடைசி வரியைக் காட்டி ஒளிர்ந்துகொண்டிருந்தது. சேர்த்தது: ஒன்று. நீக்கியது: ஒன்று. பாக்கி: இல்லை.