தட்டினது பதிவாகவில்லை

மத்தியான வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினார். முதலாளிக்குத்தான் மாப்பிள்ளை, ஆனால் மீன் குளிர்கிடங்கில் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வார்கள். கதவுக்கும் குளிருக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிய மேதை. வெப்பநிலைப் படம் கல்யாண ஆல்பம் மாதிரி கலர் கலராக வரும். அது வரைந்து முடிகிறவரை திரையில் ஒரு சக்கரம் சுற்றும். அந்த நேரத்தில் கீபோர்டில் யார் எதைத் தட்டினாலும் புரோகிராம் காதில் வாங்காது. பொறுமையில்லாதவர்கள் பத்து தடவை தட்டினால் எல்லாம் சேர்ந்து வந்து விழுமாம். அதனால் அந்த நேரத்தில் தட்டியதையெல்லாம் தூக்கிப் போடச் சொல்லி புரோகிராமில் ஒரு வரி எழுதிவிட்டாராம்.

போன மாதம், மீன் எடை போடும் எடைக்காரியின் தம்பி கிடங்குக்குள்ளே மாட்டி விறைத்துச் செத்தான். உள்ளே கதவோரம் ஒரு கீபோர்டு உண்டு. 'திற' என்று தட்டினால் திறக்கும். அவன் தட்டியதாகப் பதிவே இல்லை, குடித்துவிட்டுத் தூங்கியிருப்பான் என்று மாப்பிள்ளை முடித்துவிட்டார். சோடா குடித்தாலே புரையேறுகிறவன் அவன். அது தெருவுக்கே தெரியும்.

எடைக்காரி அவரை உட்காரக்கூட விடவில்லை.

"அந்தத் தூக்கிப் போடுற வரிய எடுத்துட்டுக் காட்டுங்க சார். அப்புறமா என் தம்பியக் குடிகாரன்னு சொல்லுங்க."

அடம்பிடிக்கிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிற தோரணையில் அவர் அந்த வரியை அழித்தார். சக்கரம் சுற்றியது.

நின்றது.

திற.

யாரும் எதையும் தொடவில்லை.

திற. திற. திற. திற.

திரை நிரம்பி வழிந்தது. கம்ப்ரஸர் இரைச்சலுக்கு அடியில், சுவருக்கு அந்தப் பக்கம், டக் டக்கென்று விசைகள் ஒலித்தன. கதவு தானாகத் திறந்தது. பழைய ஐஸின் வாடை முகத்தில் அடித்தது.

உள்ளே ஆளில்லை.

கீபோர்டில் ஈரம் இறங்கியிருக்கும் என்றார் மாப்பிள்ளை.

"உள்ள போங்க சார்." எடைக்காரி பல்லைக் கடித்தாள். "சக்கரம் சுத்துது, நாங்க பிஸின்னு நீங்களே அவன்கிட்ட சொல்லிட்டு வாங்க."

இத்தனை பேர் பார்க்கும்போது பந்தாவை விட முடியுமா? போனார். கீபோர்டின் வயரைப் பிடுங்கினார். கோப்பை வாங்கியவர் மாதிரி அதை உயர்த்திக் காட்டினார்.

வயர் காற்றில் தொங்கியது.

அவர் கையிலேயே விசைகள் ஒவ்வொன்றாக அமுங்கின.

வெளியே திரையில் வேறு சொல் வந்தது.

மூடு.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவர் போட்ட கூச்சல், வெளியே பூனைக்குட்டி முனகலாகத்தான் கேட்டது.

எடைக்காரி வெளிக் கீபோர்டில் 'திற' என்று தட்டினாள். வயிறு எரிந்தாலும் தட்டினாள். அவள் தட்டவே இல்லையென்று நாளைக்கு எவனும் பேசக்கூடாதல்லவா. அது வரிசையின் கடைசியில் போய் நின்றது.

அதற்கு முன்னால், ஒவ்வொன்றாக, 'மூடு' வந்து நுழைந்துகொண்டே இருந்தது.