பிள்ளை வண்டிலில் இருந்த கிழவர்

நான் ஒருவரையும் லேசில் நம்பாத ஆள். நான் போடுகிற கோட்டை இன்னொருவருக்கு இரவல் கொடுத்தது ஒரே ஒரு தடவைதான். அதற்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

எண்பத்தாறாம் ஆண்டு, நவம்பர் மாதம். லண்டனில் பிளேஸ்டோ என்ற இடத்தில் ஒரு வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழே இம்மாகுலேற்றும் அவளுடைய மகள் டொலறசும் இருந்தார்கள். டொலறசுக்கு ஒன்பது வயது. இம்மாகுலேற்றின் தம்பி சவிரிமுத்து மன்னாரிலிருந்து சண்டைக்குத் தப்பி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். குளிருக்குப் போட அவனிடம் ஒன்றும் இல்லை.

நான் கோட்டைக் கொடுத்ததற்கு மறுநாள் காலையில் குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் அவனுக்கு விசாரணை. இந்த நாட்டில் அவன் இருக்கலாமா என்று அங்கேதான் முடிவெடுப்பார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றால், பொய் சொல்லிவிட்டுப் பயத்தில் நடுங்குகிறான் என்று நினைத்துவிடுவார்கள். அதனால்தான் என் கறுப்புக் கம்பளிக் கோட்டைக் கொடுத்தேன்.

கொடுத்த அன்று பின்னேரம் பேக்கரியில் பாண் வாங்கப் போனவன் வெறும் சட்டையோடு திரும்பி வந்தான். பல் கிடுகிடுவென்று அடித்தது.

"கோட்டு எங்கையடா?" என்றேன்.

"ரயில் ஸ்டேசன் வாசலிலை ஒரு கிழவர், அண்ணை. பிள்ளையளை வைச்சுத் தள்ளுற வண்டிலுக்குள்ளை சரிஞ்சு கிடக்கிறார். பேச்சு மூச்சில்லை. பேரப்பிள்ளையள் பக்கத்திலை நிண்டு சில்லறை கேக்குதுகள். பாவமாக் கிடந்தது. கோட்டைப் போட்டுவிட்டிட்டு வந்திட்டன்."

"போட்டுவிட்டனியோ, வித்துப்போட்டு வந்தனியோ?"

அவன் பாணை மேசையில் வைத்தான்.

பால் குடித்துக்கொண்டிருந்த டொலறஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "மாமா, அந்தக் கிழவருக்கு மீசை இருந்ததோ?"

"ஓம்."

"பேனையாலை கீறின மீசையோ?"

சவிரிமுத்து யோசித்தான். "இப்ப நீ கேக்கத்தான் எனக்கும் அப்பிடிப் படுது."

டொலறசுக்குச் சிரிப்பு வந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டாள். "அது ஆள் இல்லை மாமா, பொம்மை. இண்டைக்கு ஏழு மணிக்கு அதை எரிக்கப்போயினம்."

அன்றைக்கு நவம்பர் ஐந்து என்பதை நானும் மறந்துபோயிருந்தேன். வெகு காலத்துக்கு முன் ஒருவன் இந்த ஊர் அரசனை வெடிவைத்துக் கொல்லப் பார்த்துப் பிடிபட்டானாம். அவனைப்போல ஒரு பொம்மை செய்து வருசா வருசம் கொளுத்துவார்கள். பழைய உடுப்புக்குள் கடதாசியை அடைத்து, பொம்மையைத் தெருவில் வைத்துப் பிள்ளைகள் வெடி வாங்கச் சில்லறை சேர்ப்பார்கள். அந்த நாளில் ஸ்டேசனுக்கு ஸ்டேசன் ஒரு பொம்மை குந்தியிருக்கும். இப்போது தேடினாலும் காண ஏலாது.

"அப்ப என்ர கோட்டு?" என்றேன்.

"அதுவும் சேர்ந்துதான் எரியும், அங்கிள்."

மூவரும் ஸ்டேசனுக்கு ஓடினோம். என் கோட்டைப் போட்டுக்கொண்டு பொம்மை துரைபோல இருந்தது. பக்கத்தில் டொலறசின் வகுப்புப் பையன் கெவினும் அவன் தங்கச்சியும் நின்றார்கள்.

"இவர் தந்த கோட்டு இது. தந்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது," என்றான் கெவின். "இரவு எரிக்கிற இடத்தில் நல்ல பொம்மைக்கு ஒரு பெட்டி மத்தாப்புப் பரிசு. இந்தக் கோட்டு இருந்தால் நாங்கள்தான் வெல்லுவோம்."

"பறிச்செடுப்பம்," என்று நான் கையை நீட்டினேன்.

டொலறஸ் என் கையைப் பிடித்தாள். "அவை களவெடுக்கேல்லை, அங்கிள். மாமாதான் குடுத்தவர்." பிறகு கெவினிடம் இங்கிலீசில் கேட்டாள். "இதைவிட வடிவான கோட்டு கொண்டுவந்தால் மாற்றிக்கொள்வாயா?"

"முதலில் கொண்டு வா. பார்த்துத்தான் சொல்லுவேன்."

என்னைப்போலவே நம்பாத பையன். எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

வீட்டுக்கு வந்ததும் டொலறஸ் கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு சுருளை எடுத்தாள். சிவப்பும் மஞ்சளுமாக மெல்லிய ரிசுத்தாள். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, யன்னலில் நட்சத்திரக் கூடு கட்டிவிட அவள் ஆசையாகச் சேர்த்தது.

"நட்சத்திரத்துக்கு என்ன செய்வாய் பிள்ளை?" என்றாள் இம்மாகுலேற்.

"நத்தாருக்கு நாள் கிடக்கு அம்மா. மாமாவுக்கு நாளைக்கு."

உருளைக்கிழங்கு வந்த பெரிய கடதாசிப் பையில் டொலறஸ் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை வெட்டினாள். சவிரிமுத்து ரிசுத்தாளை விசிறிபோல மடித்து, கத்தரிக்கோலால் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி, விரித்தான். தாள் பூவாக விரிந்தது. மன்னாரில் கோயில் திருநாளுக்குப் பந்தல் சோடித்த கை அது. இம்மாகுலேற் கோதுமை மாவில் பசை காய்ச்சினாள். ஒட்டுகிற வேலை எனக்கு.

"அங்கிள், கடதாசியிலை பூசுங்கோ. உங்கடை சேட்டிலை பூசாதேங்கோ."

"உன்ர வேலையைப் பார்."

வரிசை வரிசையாகச் சுருக்கு வைத்து ஒட்டினோம். முடிந்தபோது சேவல் சிறகை விரித்ததுபோல ஒரு கோட்டு எங்களுக்கு முன்னால் கிடந்தது. அதை மடிக்காமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, காற்றில் கிழியாமல் நடந்து போனோம்.

கெவின் வாய் திறந்தபடி பார்த்தான். தொட்டுப் பார்த்தான். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தான். பிறகு தங்கச்சியிடம், "அந்தக் கறுப்பைக் கழற்று," என்றான்.

மறுநாள் குரோய்டனில் சவிரிமுத்து நடுங்காமல் நின்று பதில் சொன்னான். இருக்கவும் விட்டார்கள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று ஏழு மணிக்கு நடந்ததைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை.

வெறும் நிலமாகக் கிடந்த ஒரு வளவில் பெரிய விறகுக் குவியல். பொம்மைகள் வரிசையில் இருந்தன. பரிசு கெவினுக்குத்தான் கிடைத்தது. அவன் மத்தாப்புப் பெட்டியை உடைத்து முதல் குச்சியை டொலறசிடம் நீட்டினான். பிறகு பொம்மையைக் குவியலின் உச்சியில் ஏற்றினார்கள்.

நெருப்புப் பட்டதும் ரிசுத்தாள் கோட்டு ஒரே மூச்சில் குப்பென்று பற்றியது. சனம் முழுக்கக் கை தட்டியது.

டொலறஸ் நிமிர்ந்து பார்த்தாள். சவிரிமுத்து என் கோட்டுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு, கடைசிப் பொத்தானையும் பூட்டினான்.

"பாவம் கிழவர்," என்றான். "இப்ப அவருக்கும் குளிராது."